தீத்துதல்: ஓர் ஆய்வுக்கு முன்னுரை

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'தீத்துதல்' எனப்படுவது, பெரியவர் ஒருவர் சோற்றைக் கறியோடு பிசைந்து, விரல்நுனியில் சிறு கவளமாகத் திரட்டி, சிறுபிள்ளையின் வாயில் வைக்கும் செயலாகும்; பிள்ளைக்குத் தானாக உண்ணத் தெரியாத காலத்தில் தொடங்கும் இச்செயல், தெரிந்த பின்னரும் பல ஆண்டுகள் தொடர்வது இதன் சிறப்பியல்பு. குடாநாட்டைப் பற்றிய நூல்களில் கோயிலும் பனையும் புகையிலையும் கல்வியும் தத்தமக்குரிய இடத்தைப் பெற்றிருக்க, நாள்தோறும் மூன்று வேளையும் ஒரு வீட்டின் ஆளணி முழுவதையும் ஈடுபடுத்தும் இத்தொழில் மட்டும் ஆய்வாளர் கண்ணில் படாமற் போயிற்று. அவ்வாய்வாளர்கள் எழுதிக்கொண்டிருந்த வேளையில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு வேறு யாரோ தீத்திக்கொண்டிருந்தனர் என்பதே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

அந்த வேறு யாரோ பெரும்பாலும் அம்மம்மா, அதாவது தாயைப் பெற்றவர். இதற்குச் சட்டவியல் சார்ந்த விளக்கம் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்து 1707இல் நடைமுறைக்கு வந்த தேசவழமைச் சட்டம், பெண்ணுக்குக் கொடுக்கப்படும் சீதனத்தைத் தனிவகைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. சீதனத்தில் வீடும் வளவும் அடங்குவது வழக்கமாதலால் மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர, அவ்வீட்டிலோ அடுத்த வளவிலோ மாமியார் ஏற்கெனவே இருக்க, பேரப்பிள்ளை பிறந்ததும் சோற்றுக் கிண்ணம் அவர் கைக்குத் தானாகவே போய்ச் சேர்கிறது. பெற்றோர் வழி வந்த சொத்து முதுசம், மணத்தின் பின் ஈட்டியது தேடியதேட்டம் என்று ஒவ்வொரு கூறுக்கும் பெயரிட்டு அது யாருக்கு என்றும் வகுத்துரைத்த அச்சட்டம், கவளம் வாங்க மறுக்கும் பிள்ளையின் பின்னால் யார் ஓடவேண்டும் என்பதை மட்டும் வகுக்காமல் விட்டது. அப்பப்பா வீட்டார் இன்றுவரை அந்த ஓட்டை வழியாகவே தப்பி வருகின்றனர்.

ஓடவேண்டும் என்பது இங்கு அலங்காரமாகச் சொல்லப்பட்டதன்று. தீத்துதல் குசினியில் (சமையலறையைக் குறிக்கும் இச்சொல் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது) தொடங்கி, விறாந்தையைக் கடந்து, முற்றத்து மாமரத்தடியில் சற்றுத் தங்கி, படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு இறங்குவது வழக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளைக்கு ஒரு காட்சி காட்டப்பட வேண்டும். குசினி யன்னலில் காகமும், விறாந்தையில் பூனையும், முற்றத்தில் அணிலும், ஒழுங்கையில் அயல்வீட்டு ஆடும் இதற்கெனவே அமைந்தவை போலக் காத்திருக்கின்றன. காட்சியைக் கண்டு வியந்து பிள்ளை வாய் பிளக்கும் கணத்தில் கவளம் உட்செல்ல வேண்டும் என்பது கோட்பாடு. "அங்கை பார் ராசா, ஆடு! ஆ காட்டு, ஆ காட்டு" என்று கவளம் நீட்டப்படும்போது வாயைத் திறப்பது பெரும்பாலும் ஆடாகவே இருக்கும். கிண்ணம் ஏந்தியவர் பின்னாலும் வாயை உடையவர் முன்னாலும் செல்லும் இவ்வூர்வலத்தில் ஆட்சி யாரிடம் உள்ளது என்பது வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் எவருக்கும் தெரியும். கிண்ணம் ஏந்தியவருக்கு மட்டும் தெரியாது.

காட்சிகள் தீர்ந்தபின் உம்மாண்டி அழைக்கப்படுகிறார். உருவம் இன்னதென்று எவராலும் வரையறுக்கப்படாதவரும், சாப்பிடாத பிள்ளைகளைப் பிடித்துச் செல்வதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவருமான உம்மாண்டியின் செல்வாக்கு ஏறக்குறைய மூன்று வயது வரைக்குமே நீடிக்கும். "அம்மம்மா, உம்மாண்டிக்கும் பசிக்குந்தானே, இதை அவருக்குக் குடுங்கோவன்" என்று பிள்ளை பரிந்துரைக்கும் நாளில் அவர் ஓய்வு பெறுகிறார்.

புகையிரதப் பாதையை அண்டிய கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம் முதலிய ஊர்களில் இவற்றுக்கும் மேலாக ரெயில் காட்டித் தீத்தும் வசதி இருந்தது. 1990இல் போரினால் சேவை நின்று, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் 2015 சனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் மீண்டும் வந்தமையால், இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை முழுவதும் ரெயிலின்றியே உண்டு வளர்ந்தது. அக்காலத்தில் வானத்தில் வந்தவையோ காட்டத்தக்கவை அல்ல. பொம்மர் (குண்டுவீச்சு விமானத்துக்கு ஊரார் வைத்த பெயர்) இரைந்தால் பிள்ளையும் கிண்ணமுமாகப் பதுங்குகுழிக்குள் இறங்கவேண்டியிருந்தது. அங்கே ஓடுவதற்கு இடமில்லை என்பதால் சோறு கெதியாக இறங்கியது என்று இன்று சொல்லிச் சிரிக்கும் அம்மம்மாமார் உண்டு. அந்தச் சிரிப்பைக் கேட்பவர் உடனே சேர்ந்து சிரித்துவிட முடியாது.

இனி, தீத்தப்படும் பொருளைப் பற்றியும் கூறவேண்டும். குடாநாட்டு வீட்டின் காலையும் இரவும் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் உரியவை. வறுத்த அரிசிமாவில் கொதிநீரை அளவாக விட்டுக் குழைத்து, சுண்டின் (அரிசி அளக்கும் தகரப் பேணி) விளிம்பால் மணிமணியாகக் கொத்தி, தேங்காய்ப்பூவைக் கலந்து, பனையோலையால் கூம்பு வடிவில் இழைத்த நீத்துப்பெட்டியில் நிரப்பி, ஆவியில் அவித்து எடுப்பது புட்டு. மா குழைக்கும்போது தண்ணீர் ஒரு கை கூடினால் களியாகும், குறைந்தால் தொண்டையில் விக்கும். இத்தனை நுட்பத்தோடு ஆக்கப்பட்டு, உறைப்பு (காரம்) ஆகாதென்று கறித்தூள் சேராத சொதியோடு, அதாவது தேங்காய்ப்பாலில் மஞ்சளும் வெங்காயமும் இட்டுத் தேசிக்காய்ப் புளி விட்ட இளங்குழம்போடு, அச்சொதியிலிருந்த பச்சைமிளகாய் ஒவ்வொன்றும் பொறுக்கி அகற்றப்பட்ட பின்னர் முன்வைக்கப்படும் புட்டிலிருந்து, பிள்ளை தேங்காய்ப்பூவை மட்டும் தனித்தனியாக எடுத்து உண்டுவிட்டு, "எனக்குக் காணும்" என்று எழுந்து விடுகிறது.

இதற்குப் பெயரும் விளக்கமும் உண்டு. பழக்கமில்லாத உணவைக் கண்டு அஞ்சி விலகும் இயல்பு ஏறக்குறைய 2 வயது முதல் 6 வயது வரை உச்சத்தில் இருக்கும் என்றும், புதிய உணவு ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்வதற்கு அதைப் பத்து முறைக்கு மேலும் வைத்துப் பார்க்கவேண்டி வரலாம் என்றும் உணவு உளவியலாளர் கூறுவர். பழகிய புட்டு நேற்று இனித்து இன்று ஏன் கசக்கிறது என்பதற்கு அவர்களிடமும் தெளிவான விடை இல்லை. அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920களின் பிற்பகுதியில் ஒரு பரிசோதனையைத் தொடங்கி, அதன் முடிவுகளை 1939இல் தொகுத்துரைத்தார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு 34 வகை எளிய உணவுகள் சிறிது சிறிதாக முன்வைக்கப்பட்டன. அருகிலிருந்த தாதியர், குழந்தை கைகாட்டிய உணவை மட்டும் ஊட்டலாம், மற்றப்படி எதையும் பரிந்துரைக்கவோ புகழவோ கடிந்துகொள்ளவோ கூடாது என்பது விதி. குழந்தைகள் விசித்திரமான விகிதங்களில் உண்டார்கள், ஆயினும் நன்றாகவே வளர்ந்தார்கள். இப்பரிசோதனையை யாழ்ப்பாணத்தில் திரும்பச் செய்து பார்ப்பதற்கு உள்ள தடை உணவு சார்ந்ததன்று. 34 வகையென்ன, ஒரு திவச வீட்டில் அதற்கு மேலும் கிடைக்கும். சாப்பிடாத பிள்ளையின் அருகே வாய் பேசாமல் இருக்கக்கூடிய பெரியவர் ஒருவரைத்தான் குடாநாட்டில் எங்கும் தேடிப் பிடிக்க முடியாது.

மேலும், உணவைப் பிள்ளை வீசியெறிகிறது என்ற முறைப்பாட்டை விசாரிக்கும்போது பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கையும் கருத்திற் கொள்வது நீதியாகும். முதற்பல் முளைத்ததும் நல்ல நாள் பார்த்து, பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, உறவினர் கூடி நின்று கொழுக்கட்டைகளை உச்சியில் கொட்டுவர். பின்னர் புத்தகம், பேனை, நகை முதலியன வைத்த தட்டை நீட்டி, பிள்ளை எதைத் தொடுகிறதோ அதைக் கொண்டு அதன் எதிர்காலத்தைக் கணிப்பர். புத்தகம் பிள்ளையின் கைக்கு எட்டும் பக்கமாகவே தட்டு திருப்பப்படுவது தற்செயலானது என்று நம்புவோர் நம்பலாம். உணவு என்பது தலையில் கொட்டப்படும் பொருள் என்ற முதற்பாடத்தை இவ்வாறு மேளதாளமில்லாக் குறையாகக் கற்பித்துவிட்டு, அதே பிள்ளை இரண்டு வயதில் சித்தியின் தலையில் புட்டைக் கொட்டும்போது கோபிப்பது முறையாகாது.

நிறை பார்க்கும் நாளில் இவையெல்லாம் எண்களாக மாறுகின்றன. நிறை போதாத பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் சோளம், சோயா ஆகியவற்றைக் கொண்டு ஆக்கிய திரிபோஷா என்னும் சத்துமாவை அரசு 1970கள் முதல் இலவசமாக வழங்கி வருகிறது. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் மிகச் சுவையானது என்பதால், அது வந்த வீட்டில் பிள்ளையைத் தவிர ஏனைய எல்லோருடைய நிறையும் கூடிவிடுகிறது.

பயணம் என்று வரும்போது இந்த ஆட்சிமுறை சக்கரங்களின் மேல் ஏறிக்கொள்கிறது. கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வழிநெடுகக் கடைகள் உண்டு. ஆயினும் 'கடைச்சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துவராது' என்ற முடிவு புறப்படுவதற்கு முதல்நாளே நிறைவேற்றப்பட்டு விடுவதால், அனலில் வாட்டிய வாழையிலையில் புட்டும், இன்னொன்றில் இடியப்பமும், முட்டைப்பொரியலும், கத்தரிக்காய்ப் பொரியலும், சம்பலும், சுடுதண்ணீர்ப் போத்தலும், பால்மாப் பேணியும், சத்தி (வாந்தி) வந்தால் மணப்பதற்குத் தேசிக்காயும் கட்டப்பட்டு, வீட்டைப் பூட்டும்போது குசினியில் எஞ்சி நிற்பது அம்மி மட்டுமே என்ற நிலை உண்டாகிறது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி புகையிரதத்தில் இக்கட்டுச்சோற்றின் வரலாறு நீண்டது. ரெயில் நாவற்குழியைத் தாண்டியதும் பொட்டலம் அவிழ்க்கப்படுகிறது. பிள்ளை யன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. ஆறினால் பழுதாகிவிடும் என்ற கவலையில் பெரியவர்கள் ஆளுக்கொரு வாய் எடுக்க, சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் பிள்ளைக்கென்று கட்டிய உணவு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னரே பிள்ளைக்குப் பசிக்கிறது. கூடையோடு ஏறும் வியாபாரியைக் கண்டதும் வடை வேண்டுமென்று அது அழுகிறது. முதல்நாள் சொதியில் மிளகாய் பொறுக்கி எடுத்துக் காக்கப்பட்ட அதே வாய், செத்தல்மிளகாய் பல்லில் கடிபடும் வடையை மூக்கால் நீர் வழிய முழுவதும் தின்று, இன்னொன்று கேட்கிறது.

தரைவழியே செல்வோருக்கு ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவில் இருக்கிறது. அவ்வழியே போகும் வாகனங்கள் அங்கு நிறுத்தி, தேங்காய் உடைத்து, வழித்துணை வேண்டிக்கொண்டு, அயலிலுள்ள கடைகளில் கச்சான் (நிலக்கடலை) வாங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம். இரவுப் பஸ்ஸில் தாய், தந்தை, அம்மம்மா ஆகிய மூவர் மடியிலும் நீட்டி நிமிர்ந்து உறங்கும் பிள்ளை, கிளிநொச்சியில் எழுப்பினாலும் எழும்பாது. முறிகண்டியில் எவரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்து, "கச்சான்" என்கிறது. பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் பயண விக்கினங்களை நீக்கவல்லது என்பதில் ஐயமில்லை. கச்சான் தின்ற பிள்ளைக்கு அடுத்த இருபது நிமிடத்தில் ஒண்டுக்கு (சிறுநீர்) வருவது அவ்விக்கினங்களின் பட்டியலில் சேர்க்கப்படவில்லை போலும்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 25 நாள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குகின்றனர். மாதக்கணக்காகப் பயத்தம் பணியாரமும் முறுக்கும் அரியதரமும் சுட்டு அடுக்கிய அம்மம்மாவிடம், வந்த பிள்ளை நூடில்ஸ் கேட்கிறது. கோவிலினுள் ஆண்கள் மேற்சட்டை அணியக்கூடாது என்னும் விதியை நாலு வயதினர் பெருவிருப்போடு ஏற்று, அதனை இடுப்புக்குக் கீழும் விரித்துக்கொள்ள முனைவதால் தந்தைமார் தரிசனத்தின் பெரும்பகுதியைக் காற்சட்டையைப் பிடித்தபடியே கழிக்கின்றனர். வீதியில் விற்கப்படும் அம்மம்மா குழல், காதைத் துளைக்கும் ஓசையுடைய விளையாட்டு ஊதுகுழல். அதை வாங்கிக் கொடுப்பவரும் அம்மம்மா, வீடு வந்ததும் அலுமாரிக்கு மேல் ஒளிப்பவரும் அம்மம்மா.

இத்துறையின் கடினமான சிக்கல் நயினாதீவில் எழுகிறது. குறிகட்டுவான் துறையில் படகேறிச் சென்று நாகபூசணி அம்மனைத் தரிசித்தவர்களுக்கு அங்குள்ள அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் வழங்கப்படும். மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இத்தீவே எனக் கருதுவோர் உளராதலால் அப்பெயர் பொருந்தி வந்தது. நிரையாக நிலத்தில் இருந்த முன்பின் அறியாதோர் நடுவே பிள்ளையும் இருத்தப்படுகிறது. பரிமாறுவோர் வாளியோடு விரைகின்றனர். சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் விழுகின்றன. ஆடும் இல்லை, அணிலும் இல்லை, "ஆ காட்டு" என்பாரும் இல்லை. அம்மம்மா தம் பங்கைப் பிசைந்து கவளமாக்கித் திரும்புவதற்குள் பிள்ளை முழங்கை வரை சோறு பூசி, தன் கையாலேயே பாதியை முடித்திருக்கிறது. "பருப்புக்கு உப்புக் காணாது" என்பது அம்மம்மாவின் முதல் எதிர்வினை. பிள்ளையோ வாளிக்காரரை நிமிர்ந்து பார்த்து, "அண்ணை, இன்னும் கொஞ்சம்" என்கிறது.

திரும்பும் படகில், "இண்டைக்குப் பிள்ளை வடிவாச் சாப்பிட்டவன், நான் பக்கத்திலை இருந்தபடியால்தான்" என்று அம்மம்மா அயலில் இருப்போர் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கிறார். அதற்கு மருமகன் சொல்லும் மறுமொழி படகின் இயந்திர இரைச்சலில் எவருக்கும் கேட்பதில்லை.