எழுபது தாண்டிய வேட்பாளர்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டில், ஊர் வாரியங்களுக்கான குடவோலைத் தேர்தலுக்கு விதிகளை வெட்டிவைத்தவர்கள் தையல் மிஷினை நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பழைய மிஷினுக்கு நாம் அந்த விதிகளைத்தான் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துகிறோம். வேட்பாளர் 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குத் தடை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தடை. எழுபதைத் தாண்டிய சிங்கர் மிஷின் ஒருநாள் சுற்ற மறுத்தால் நம் தீர்ப்பும் இதுவே. குற்றம் செய்தது தலை. தண்டனை மட்டும் கால், மிதி, சக்கரம், மரப்பெட்டி, இழுப்பறை என்று குடும்பத்துக்கே. கூண்டோடு காயலான் கடைக்கு! பெரும்பாலான வழக்குகளில் அந்தத் தலையும் நிரபராதி என்பது என் வாதம்.

இறுகிப்போன மிஷினில் எதுவும் உடைந்திருக்க வேண்டியதில்லை. என்றோ விட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். கைக்கு எட்டியது என்று தேங்காய் எண்ணெயை விட்ட வீடுகளில் கேட்கவே வேண்டாம். எண்ணெய்த் துளைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய், ஒரு இரவு ஓய்வு, சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தல், கறுப்பாய் வழிவதைத் துடைத்துவிட்டு நல்ல மிஷின் ஆயில். தொய்ந்த தோல் பெல்ட்டைக் கொஞ்சம் நறுக்கிக் கொக்கி மாட்டினால் வைத்தியம் ஏறக்குறைய முடிந்தது. ஆனால் நாம் தொடங்குவது மரத்தில். விருந்தாளி கண்ணில் படுவது அதுதானே! மேலே ஒட்டியிருப்பது மெல்லிய மரத்தோல் என்று தெரியாமல் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் தேக்கு நிறம் போய் அடிமரம் பல்லிளிக்கும். அரக்குப் பாலிஷுக்கு வாங்கிய ஸ்பிரிட்டில் மிச்சத்தைக் கொண்டு மிஷின் தலையையும் துடைப்பவர் உண்டு. அந்தத் தங்கப் பூவேலைக்குக் காவலே மேலே பூசிய அரக்கு வார்னிஷ்தான். ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து, வம்சப் பெருமையெல்லாம் பஞ்சோடு வந்துவிடும்.

“ஓடாவிட்டால் என்ன, பாட்டியின் நினைவாக அழகாக நிற்கட்டுமே” என்பார்கள். பாசத்துக்கும் இந்த மிஷினுக்கும் உள்ள உறவு கொஞ்சம் சிக்கலானது. இயந்திரங்களை எதிர்த்த காந்தி, 1924-இல் ஜி. ராமச்சந்திரனிடம் (பின்னாளில் சௌந்திரம் அம்மையாருடன் காந்திகிராமத்தை நிறுவியவர்) சிங்கர் மிஷினுக்கு விலக்கு அளித்தார். தைத்துத் தைத்துக் களைத்த மனைவியின் மேல் கொண்ட அன்பால் சிங்கர் என்பவர் அதைச் செய்தார் என்றார். எந்த மனைவி என்று காந்தி விசாரிக்கவில்லை. 1851-இல் காப்புரிமை வாங்கிய அந்த மனிதருக்குப் பல குடும்பங்கள், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். அன்புக் கதை ஆட்டம் கண்டாலும் விலக்குக்குக் காந்தி சொன்ன இன்னொரு காரணம் அசையவில்லை: அது பயனுள்ள பொருள். தைக்காமல் மேலே டிவியைச் சுமந்து நிற்கிற மிஷினுக்கு அந்த விலக்கு எப்படிச் செல்லும்?

“உதிரிபாகம் கிடைக்காதே” என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். வட்ட பாபின் மிஷினுக்கு அது பொருந்தாது. நம் நாட்டுக் கறுப்புத் தலை மிஷின்களில் பெரும்பாலானவை சிங்கரின் அந்தப் பழைய அமைப்பைப் பார்த்துச் செய்தவையே, ஊசியும் பாபினும் லூதியானாவிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. படகு போன்ற நீள ஷட்டில் மிஷினுக்குத்தான் ஆட்சேபம் பலிக்கும். ஷட்டில் தொலைந்திருந்தால் அதை மேசையாக்கிக்கொள்ளுங்கள், நான் வழக்குக்கு வரமாட்டேன். முதலில் இழுப்பறையின் மூலையில் தேடிவிடுங்கள். பித்தான்களுக்கும் காலாவதியான மாத்திரைகளுக்கும் அடியில் அது கிடக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.