எடை குறைந்த சைக்கிள்

ஈப்போ அருகே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலை, சைக்கிள் கிளப்காரர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் வாரக்கடைசித் தண்டனை. சுமார் 50 கிலோமீட்டரில் 1,300 மீட்டருக்கு மேல் ஏற்றம். உலகச் சைக்கிள் சங்க விதிப்படி பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எல்லையைத் தொட்டுவிட, கார்பன் சட்டத்துக்குப் பல ஆயிரம் ரிங்கிட் கொட்டப்படுகிறது. புவியீர்ப்புக்கோ வண்டியிலுள்ள கிலோவும் தொந்தியிலுள்ள கிலோவும் ஒன்றுதான். தொந்தியைக் குறைக்கச் செலவில்லை. அதனாலேயே அந்தப் பேச்சு எழுவதில்லை. வளைவுகளில் காய்கறி லோரிகள் ஹாரன் அடித்து முந்துகின்றன; கோஸ் மூட்டையோடு ஒரு பழைய மோட்டாரும் முந்துகிறது. முதலில் ஏறியவர் யார் என்ற வழக்கு ரொட்டி சானாய்க் கடையில் விசாரணைக்கு வரும். எரித்த கலோரியும் அங்கேயே வட்டியோடு திரும்பிவிடும். இறங்குமுன் பிரேக் கட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மழை பெய்தால் சாலை வழுக்கும்.