கண்மாய்க் கரையில் பறவை பார்க்கச் சில யோசனைகள்

முதலில் உடை. சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டை உத்தமம். சோழபுரம் கண்மாயின் அக்கரையில் நிற்கும் நாரைக்குக்கூட உங்கள் வருகை தெரிந்துவிடும். மரியாதை கருதி எழுந்து போய்விடும். புல்லட்டில் கரைமேல் ஏறினால் இன்னும் விசேஷம். வீட்டில் ராஜபாளையம் நாய் இருந்தால் கூட்டி வாருங்கள். வேட்டைக்கென்றே வளர்த்த இனம். நாமக்கோழியைக் கண்டால் அதற்குக் குலத்தொழில் ஞாபகம் வரும்.

நேரம், காலை பத்து மணிக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியதும் நீலச்சிறகி வாத்துகள் வட ஆசியாவிலிருந்து வந்து இறங்குகின்றன. அவ்வளவு தூரம் பறந்து வந்ததை விடியற்காலையில் போய்த் தொந்தரவு செய்யலாமா? தீபாவளி என்றால் கரையிலேயே சரவெடி கொளுத்துங்கள். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காக வெடியே போடுவதில்லையாம். அந்தக் கெட்ட பழக்கம் நமக்கு எதற்கு?

பைனாகுலரை எடுத்ததும் ஆடு மேய்ப்பவர் பக்கத்தில் வந்து நிற்பார்.

"அண்ணாச்சி, கண்மாய அளக்க வந்திருக்கீகளா?"

பறவை பார்க்க வந்தேன் என்றால் நம்பமாட்டார். கருவியோடு கரையில் நிற்பவர் சர்வேயர், இல்லாவிட்டால் நிலத் தரகர். ஆக்கிரமிப்பை எடுக்கப் போகிறார்கள் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விடும். அதனால் அவரை விரட்டிவிடுங்கள். பேச்சுக் கொடுத்தால், நீலத் தாழைக்கோழி எந்தக் கோரைக்குள் மேய்கிறது, சீமைக்கருவேலங்காட்டில் கவுதாரி எங்கே படுத்திருக்கிறது என்று காட்டித் தொலைப்பார். அவருடைய மந்தையோடு நடந்தால் மடையான்கூடப் பறக்காது. நத்தைகுத்தி நாரை, மூடினாலும் நடுவில் சந்து விடும் அந்த அலகால் நத்தையின் சதையை உருவி எடுப்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டியதாகிவிடும்.

இதெல்லாம் சரிப்படாது என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்குப் போங்கள். சாம்பல் நிற மலை அணிலுக்காக அந்த மலையை 1988இல் சரணாலயம் ஆக்கினார்கள். 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. முன்பு அணிலைப் பார்க்காமல் திரும்பினோம். இப்போது புலியையும் பார்க்காமல் திரும்பலாம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை. கோடையில் கண்மாய் வற்றியபின் உள்ளே இறங்கினால் தரையைப் பார்த்து நடங்கள். ஆள்காட்டி கூடு கட்டாது. வெறும் தரையில்தான் முட்டையிடும். முட்டைக்கும் கூழாங்கல்லுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது.