இழுக்குதுங்களா, ஆடுதுங்களா?

"அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா? ரோட்டைக் கவ்விப் பிடிச்சு நிக்கும்" என்று பெருமூச்சு விடுகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பது: எவ்வளவு வேகத்தில் போய் நிறுத்தினீர்கள்? என் மாமாவின் அம்பாசடர் 60 வரை நல்ல பிள்ளை. 80-ஐத் தொட்டால் கதவு, டேஷ்போர்டு, பின்சீட்டில் இருக்கும் அத்தை மூன்றும் சேர்ந்து சத்தம் போடத் தொடங்கும். அதற்கு மேல் போய் பிரேக்கை முழுசாக மிதித்துப் பார்த்த ஆள் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. ஆகவே அந்த வண்டி ஒருநாளும் நிலை தவறியதில்லை. பரீட்சைக்கே போகாதவன் ஃபெயிலானதில்லை என்கிற கணக்குதான்.

எண்பதுகளின் தொடக்கம். கோவை-பொள்ளாச்சி சாலையில் இரண்டு பக்கமும் புளியமரம், நடுவே ஒரு பஸ் போகிற அகலத்தில் தார். எதிரே இன்னொரு பஸ் வந்தால் இரண்டு பேருமே ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும். அந்தச் சாலையில் அவசர பிரேக் என்றால் ஆடு, மாடு, அல்லது குடத்தோடு சாலையைக் கடக்கும் ஒருவர். மாமா 50-ல் வந்து மிதிப்பார். வண்டி இடப்பக்கம் ஒரு முழம் ஒதுங்கி நிற்கும். "பார்த்தியா, தானா ஓரம் கட்டிக்குது, நல்ல வண்டி" என்பார் மாமா.

தானாக ஓரம் கட்டுவதற்குக் காரணம் இருந்தது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசும்போது, சுழல்கிற டிரம்மே அந்த ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். குறைந்த மிதியில் நிறையப் பிடி கிடைப்பது அதனால்தான். ஆனால் நல்லதைப் பெருக்குகிற அதே ஏற்பாடு கெட்டதையும் பெருக்கும். ஒரு பக்கத்து லைனிங்கில் வீல் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் பிரேக் ஆயில் கசிந்தாலோ, ஒரு பக்கத்து ஷூ மற்றதைவிடக் கொஞ்சம் நெருக்கமாக அட்ஜஸ்ட் ஆகியிருந்தாலோ, இரண்டு சக்கரத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசம் பல மடங்காகி ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடும்.

காந்திபுரத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த மேஸ்திரியிடம் வண்டியை விட்டால் பானட்டைத் திறக்கவே மாட்டார். முதலில் கேள்வி: "பிரேக் புடிச்சா இழுக்குதுங்களா, ஆடுதுங்களா?" இழுப்பது என்றால் ஒரே பக்கம், ஒவ்வொரு தடவையும் அதே பக்கம். ஆடுவது என்றால் இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை, ஓட்டுகிறவர் திருத்தத் திருத்த இன்னும் மோசமாவது. இழுத்தால் பிரேக்கிலோ டயரிலோ தேடுவார். ஆடினால் வண்டிக்கு அடியில் படுப்பார். இரண்டாவது கேள்வி: "கையில தெரியுதுங்களா, இடுப்புல தெரியுதுங்களா?" அத்தை பக்கத்தில் நின்றதால்தான் இடுப்பு, ஆண்கள் மட்டும் இருந்தால் வேறு வார்த்தை. கையில் தெரிந்தால் முன்பக்கம், உட்காருமிடத்தில் தெரிந்தால் பின்பக்கம். பெரும்பாலும் இது சரியாகவே வரும்.

பிறகு வண்டியை மைதானத்துக்குக் கொண்டுபோய், 40-ல் ஓட்டி, ஒரே மிதி. இறங்கி நடந்து பின்னால் போய் மண்ணில் விழுந்த தடத்தைப் பார்ப்பார். எந்தச் சக்கரத்தின் தடம் முதலில் தொடங்குகிறது, எது ஆழம், எது வளைந்திருக்கிறது. பின் சக்கரத்தின் கோடு முன் சக்கரத்தின் கோட்டுக்கு முன்பே ஆரம்பித்திருந்தால் முகம் மாறிவிடும். "இது ஆளைச் சுத்திடும்" என்பார். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்துவிடுகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் அதற்குப் பக்கவாட்டுப் பிடி போய்விடும், வண்டி வாலைச் சுழற்றும். முன் சக்கரம் முதலில் பூட்டினால் ஸ்டீயரிங் கேட்காது, ஆனால் நேராகவாவது போகும். இரண்டு கெட்டதில் நேராகப் போகிற கெட்டதையே உலகம் முழுக்க வடிவமைப்பாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மேஸ்திரி எந்தப் புத்தகத்திலும் அதைப் படித்தவரில்லை.

கடைசியாக டிரம் சூடு. விரலை எச்சிலில் தொட்டு நாலு டிரம்மிலும் வைப்பார். எது "சுர்" என்கிறதோ அது அதிகம் வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறதோ அது ஓபி அடிக்கிறது. வெப்பமானி இல்லாத ஊரில் இதைவிட மலிவான கருவி இல்லை.

இதோடு நிறுத்தினால் அவர் மகான் ஆகிவிடுவார். வைத்தியம் தொடங்கும்போதுதான் கதை மாறும். எண்ணெய் குடித்த லைனிங்கை மாற்றச் சொல்ல மாட்டார். பெட்ரோலில் கழுவி, தீக்குச்சி கிழித்துப் போட்டு எரிப்பார், எமரித்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்டுவார். அது ஒரு மாசம் தாங்கும். டிரம்முக்குள் சேர்ந்த கறுப்புப் பொடியை வாயால் ஊதித் தள்ளுவார். பக்கத்தில் ஸ்பேனர் நீட்டிக்கொண்டு நிற்கிற பையனும் அதையே சுவாசிப்பான். அன்றைய லைனிங்குகளில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். பின்பக்கம் வழுக்கினால் டிக்கியில் அரை மூட்டை மணல். பின் சக்கரத்துக்குப் பாரம் கொடுத்தால் சீக்கிரம் பூட்டாது என்பது சரியான இயற்பியல்தான். ஆனால் மணலோடு கல்யாணத்துக்குப் போய் வந்த குடும்பம் நாங்கள்.

வேகத்தில் நிறுத்துவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அன்று சோழவரத்துக்குப் போனவர்கள் மட்டும். சென்னைக்கு வடக்கே, உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்களுக்குக் கோவையிலிருந்து ஒரு கூட்டமே போகும். பந்தயக் கார்களைத் தானே கட்டிய கரிவரதன் எங்கள் ஊர்க்காரர். செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். காந்திபுரத்து மெக்கானிக் ஒவ்வொருவரும் அவர் வண்டிக்கு ஒரு நட்டாவது முறுக்கியதாகச் சொல்லிக்கொள்வார்கள். எல்லோர் கணக்கையும் கூட்டினால் அந்தக் காரில் நட்டைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்க இடமில்லை.

இப்போதைய கதைக்கு வருவோம். கோவையிலிருந்து சேலம் போகிற சாலை நாலு வழிக்குக் குறையாது. 100 என்பது சிரமப்படாமல் வருகிற வேகம். கார் முனகுவதுகூட இல்லை. 50-லிருந்து 100-க்குப் போனால் வேகம்தான் இரண்டு மடங்கு, பிரேக் தின்று தீர்க்கவேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. 100-ல் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் போய்விடும். அதன் மூக்கு ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும் அந்த ஒரு விநாடியில் அரை மீட்டர் பக்கத்தில் விலகியிருக்கும். பக்கத்து வழித்தடத்தில் லாரி போகிற சாலையில் அரை மீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. ஆட்டத்தைத் தானாக அடக்கிக்கொள்ளும் குணமும் வேகம் ஏற ஏறக் காருக்குக் குறைந்துகொண்டே போகும். 50-ல் உறங்குகிற கோளாறு 100-ல் எழுந்து உட்காருவது இதனால்தான்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் பின்விளக்கில்லாத டிராக்டர் ஒன்று என் கோளாறை எழுப்பியது. முழு மிதி. காரின் மூக்கு இடப்பக்கம் போனது, திருத்தினேன், வலப்பக்கம் போனது, காலை எடுத்ததும் மறுபடி ஒரு வெட்டு. மாமாவின் கார் ஒதுங்கியதுபோல இது ஒதுங்கவில்லை, பாம்பாக நெளிந்தது.

சர்வீஸ் சென்டர் என்பது இப்போது ஏசி, சோபா, காபி மெஷின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார், இந்தப் பக்கம் நாம். டேப்லெட்டோடு வந்த தம்பி ஸ்கேனரைச் சொருகினார். "ஃபால்ட் கோடு எதுவும் இல்ல சார்." இதை நல்ல செய்தியாகச் சொன்னார். ஆடியது நிஜம் என்றேன். டெஸ்ட் டிரைவ் போனார்கள், சர்வீஸ் ரோட்டில், 40-ல், டிராஃபிக்கில். "ஒண்ணும் தெரியல சார். இந்த மாடலோட கேரக்டரே அப்படித்தான்." அலைன்மெண்ட், பேலன்சிங், பிரேக் கிளீனிங், சாஃப்ட்வேர் அப்டேட், கூடவே காருக்குள் எலுமிச்சை வாசனை. பில்லில் எல்லாம் இருந்தது, ஆட்டம் காரில் இருந்தது.

அந்தத் தம்பியைத் திட்டிப் பயனில்லை. 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். சக்கரம் பூட்டுவதை அது தடுக்கிறது. அதன் தம்பியான ஈபிடி பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் என்பதைப் பார்த்துக்கொள்கிறது. மேஸ்திரி மண்ணில் தேடிய ஆபத்தை இவை நிஜமாகவே பெருமளவு ஒழித்துவிட்டன. டிக்கி மணலுக்கு வேலையில்லை. ஆனால் ஏபிஎஸ்ஸுக்குத் தெரிந்தது சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது மட்டும். காருக்கு அடியில் ஒரு ரப்பர் கிழிந்தால் அதை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்ல எந்த ஒயரும் போகவில்லை. ஒயர் போகாத இடத்தில் கோளாறு இருக்கவே முடியாது என்று ஸ்கேனர் நம்புகிறது, ஸ்கேனரைத் தம்பி நம்புகிறார்.

பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன் சிங்காநல்லூர் பக்கம் சின்னதாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். கேட்ட முதல் கேள்வி: "காலை எடுத்தப்புறம் மறுபடி வெட்டுச்சுங்களா?" இது மேஸ்திரி கேட்காத கேள்வி. பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். அந்தப் பக்கத்துப் பிடி தாமதமாக வருவதால் மிதித்ததும் எதிர்ப்பக்கம் இழுக்கும். அழுத்தம் திரும்பி வடியாததால் விட்ட பிறகு தன் பக்கம் இழுக்கும். அதைப் பார்க்க, விடியற்காலை வெறிச்சோடிய சாலையில் 60, 80, 100 என்று படிப்படியாக ஏற்றி நிறுத்தச் சொல்லி, இறங்கி, துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியால் நாலு டிஸ்க்கையும் சுட்டான். எச்சில் விரலின் பேரப்பிள்ளை அது. முன்பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு. பிரேக் குற்றவாளி இல்லை. முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டான். டயர் காரணமென்றால் வெட்டும் பக்கம் மாறவேண்டும். மாறவில்லை.

பிறகு காரைத் தூக்கி, முன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் லோயர் ஆர்மின் பின்பக்கத்து ரப்பர் புஷ்ஷுக்கு லீவரைக் கொடுத்து நெம்பினான். ரப்பர் பாதி கிழிந்து வாயைத் திறந்தது. பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது. தாங்கவேண்டிய ரப்பர் விட்டுக்கொடுத்தால் சக்கரம் நழுவும். நழுவும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும். காலை எடுத்தால் பழைய இடத்துக்குத் துள்ளும், அப்போது எதிர்த்திசையில் ஒரு வெட்டு. நிற்கிற காரில் புஷ் தன் இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அலைன்மெண்ட் மெஷினின் கேமரா அதைப் பார்த்துப் பாஸ் மார்க் போட்டுவிடும்.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் புஷ் புதுசு. முந்தைய வருஷம்தான் ஒரு இடத்தில் மாற்றியிருந்தார்கள். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். இறக்கியதும் ஆர்ம் மேலே போகிறது, ரப்பர் முறுகிய நிலையிலேயே ஆயுள் பூராவும் வேலை செய்கிறது. அது கிழியாமல் என்ன செய்யும்?

பையன் இன்னொன்றும் காட்டினான். முன்னால் புது டயர், பின்னால் பழசு. பழசின் பக்கச் சுவரில் 3517 என்று போட்டிருந்தது. 2017-ன் 35-வது வாரம் செய்தது. புது ஜோடியை முன்னால் போடுவது நம்மூர் டயர் கடைகளின் மாறாத சாஸ்திரம். டயர் கம்பெனிகள் சொல்வது நேர்மாறு: நல்லது பின்னால். பிடி முதலில் போகக்கூடாத இடம் பின்பக்கம் என்பதை மேஸ்திரியின் மண் தடமே சொன்னதுதான்.

ஆகவே, உங்கள் கார் வேகத்தில் நிறுத்தும்போது முரண்டு பிடித்தால், "பிரேக் சரியில்லை" என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு சோபாவில் உட்காராதீர்கள். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், மிதிக்கும்போதா விடும்போதா என்று எழுதிக்கொடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி மடித்து வைத்துவிட்டு, லீவர் போட்டு நெம்பிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். புஷ் மாற்றினால், கடைசி முறுக்கு சக்கரம் தரையில் நிற்கும்போது கொடுத்ததா என்றும் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.