மழை வந்தால் முளைக்கும் கேள்விகள்

கேள்வி: மழைக்காலத்தில் கன்ஹேரி குகைகளுக்கு நடந்து போனால் வழியெல்லாம் கீரையாகவே தெரிகிறது. ஒரு பை நிறையப் பறித்து வரலாமா? (வாசகர், மாதுங்கா)

பதில்: பச்சையாக இருப்பதெல்லாம் கீரை என்றால் பாசிக்கும் கூட்டு வைக்க வேண்டியதுதான். அது போகட்டும். கன்ஹேரி இருப்பது சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள். சுமார் 104 சதுர கி.மீ. பரப்புள்ள அந்தக் காட்டுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சட்டத்தின் பெயரில்தான் விலங்கு; அனுமதியில்லாமல் செடியைப் பறிப்பதும் குற்றமே. அங்கே சிறுத்தை உண்டு, வனக்காவலரும் உண்டு. சிறுத்தை பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் மும்பைக்காரருக்குக் காட்டுக்கீரை கொடுப்பினை இல்லையா? (வாசகி, தாராவி)

பதில்: நிறைய இருக்கிறது. ஜூனில் மழை பிடித்ததும் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே போய்ப் பாருங்கள். பால்கர், கர்ஜத் பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். வார்லி, கட்கரி, தாக்கர் இன மக்களுக்கு அந்தக் காடு தலைமுறைப் பழக்கம். மராத்தியில் காட்டுக்கீரைகளை ‘ரான்பாஜி’ என்கிறார்கள்.

பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். குர்டு என்பது நம் பண்ணைக்கீரை. கோல் என்பது பருப்புக்கீரை. தக்லா வேறொன்றுமில்லை, தகரைதான். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய வீட்டுப் பாட்டி யாரையாவது உடன் அழைத்துப் போனால் அடையாளம் காட்டிவிடுவார். ஒரே ஆபத்து, “இதுக்குப் போயி காசா? எங்க ஊர்ல களைன்னு பிடுங்கி எறிவோம்” என்று அங்கேயே சண்டையைத் தொடங்குவார்.

நமக்குப் பழக்கமில்லாத சரக்கு ‘ஷேவ்ளா’. மழையின் முதல் சில வாரங்களில் மட்டும் கிடைக்கும் காட்டுக்கருணை இனம் இது; தின்பது கிழங்கை அல்ல, பூந்தண்டை. கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் அரைகுறையாகச் சமைத்தால் தொண்டை அரித்துத் தள்ளும். அதற்காகவே ‘காகட்’ என்ற புளிப்புக் காயையும் சேர்த்தே விற்பார்கள். கருணைக்கிழங்குக்குப் புளி விடுகிற வீட்டாருக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுத்து வருவது ‘கர்ட்டோலி’, நம் பழுப்பாகல். பாகல் குடும்பத்தில் பிறந்தும் கசக்காது. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காய்ப்பது பெண் கொடி மட்டுமே. ஆண் கொடி பூத்துக்கொண்டு சும்மா நிற்கும். வீட்டில் இதைச் சொல்லிக்காட்டுவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: லோணாவளா பக்கம் மலையேறும்போது தகரையை நானே அடையாளம் கண்டு பறிக்கலாம்தானே? (வாசகர், செம்பூர்)

பதில்: தகரையோடு பேயாவரையும் முளைத்திருக்கும். அங்கேதான் சிக்கல். தகரைக்குப் பெரும்பாலும் மூன்று ஜோடிச் சிற்றிலைகள், நுனி மழுங்கி உருண்டிருக்கும். பேயாவரைக்கு நான்கு முதல் ஆறு ஜோடி, நுனி கூர்மை. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்ற நோயை மூளைக்காய்ச்சல் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிஜ்னோர் பகுதியில் ஆராய்ந்து, பேயாவரை விதைகளைத் தின்றதுதான் காரணம் என்று 2007இல் மருத்துவர்கள் எழுதினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜான் அவர்களில் ஒருவர். இலையை எண்ணிப் பார்க்கப் பொறுமையில்லாதவர் பறிக்காமலிருப்பதே நல்லது.

இன்னொன்று செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்ற பாசத்தில் கிட்டே போகலாம், படமெடுக்கலாம். அதன் கிழங்கில் இருக்கும் கோல்சிசின் ஆளையே முடித்துவிடும்.

கேள்வி: குரங்கு தின்பதை மனிதனும் தின்னலாம் என்கிறார்களே? (பெயர் வேண்டாம், மாதுங்கா)

பதில்: குரங்கு வயிறு வேறு, நம் வயிறு வேறு. தவிர, பூங்காக் குரங்குகள் சுற்றுலாப் பயணிகளின் சிப்ஸ் பாக்கெட்டைப் பறித்துத் தின்பதைப் பார்த்தவர்கள் அவற்றை உணவு ஆலோசகராக வைத்துக்கொள்ள மாட்டார்கள். “பால் வடிந்தால் விஷம்” என்ற விதியையும் முழுக்க நம்ப முடியாது. பருப்புக்கீரை என்று நினைத்து ஒடித்த தண்டில் பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை. அதுவரை விதி சரி. ஆனால் மே மாதத்தில் மலைப்பாதையெங்கும் பழுக்கும் களாக்காயிலும் பால் வடியும். அதைத்தான் ஊரே ஊறுகாய் போடுகிறது.

கேள்வி: மலை எதற்கு? ரயில் பாதை ஓரத்திலேயே கீரை தளதளவென்று நிற்கிறதே! (வாசகி, செம்பூர்)

பதில்: சாக்கடை நீர் குடித்து நிற்கிறது, தளதளக்காமல் என்ன செய்யும்? ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கீரைகள் வேர் வழியே இழுத்து இலையில் வைத்துக்கொள்ளும். மஞ்சள் நீரில் அலசினாலும் போகாது. தியோனார் குப்பைமேடும் மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பக்கத்தில் இருக்கும் செம்பூரில் சாலையோரக் கீரைக்குத் தனியாக எச்சரிக்கைப் பலகை தேவையில்லை.

கேள்வி: மலையில் வழி தவறிப் பசித்தால் எதைத் தின்பது? (வாசகர், தாராவி)

பதில்: பையில் கட்டிக்கொண்டு போன இட்லியை. ரான்பாஜி ஆசையை ஊர் திரும்பியபின் தாதரில் தீர்த்துக்கொள்ளுங்கள். விற்கும் மாவ்ஷியிடம் (நம் ஊர் வழக்கில் சித்தியிடம்) சமைக்கும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள், சலிக்காமல் சொல்வார். ஆடி கழிந்தால் தகரை முற்றிவிடும், சீக்கிரம் போங்கள்.