மாப்ளே, கையை வெளிய எடுங்க

என்ன மாப்ளே, கடல்தொட்டிக்கு முன்னால நாற்காலியைப் போட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லைன்னு மக சொல்லுதா. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடிச்சு வேற பாக்கீயளாம். பாருங்க, நல்லாப் பாருங்க. பிள்ளை காய்ச்சல்ல கிடந்தப்போகூட இப்படி முழிச்சதில்லைன்னு அவ சொல்லலை. நான்தான் சொல்லுதேன்.

கொளத்தூர்ல வாங்கினது டோட்ஸ்டூல் லெதர் பவளம்தானே? கடையில குடையை விரிச்சு, தலை நிறைய பாலிப்பை ஆட்டிக்கிட்டு நின்னது, வீட்டுக்கு வந்ததும் சுருங்கிட்டு. தோல்ல மெழுகு படிஞ்சுட்டு. அதுக்கு நீங்க என்ன செஞ்சீய? முதல்ல மேல்கல்லுல வச்சீய. மறுநாள் மணல்ல. அதுக்கடுத்து ஃபில்டர் பக்கம். இப்போ வைஃபை நல்லா எடுக்குற மூலையாப் பாத்து மாத்தியிருப்பீய.

நீங்க தலைத்தீபாவளிக்கு வந்ததை நான் மறக்கலை மாப்ளே. பண்டிகை முடிஞ்சு பஸ் ஏறுற வரைக்கும் வாயே திறக்கலை. அதுக்காக உங்க அத்தை உங்களைத் திண்ணையில இருந்து உள்ரூமுக்கும், உள்ரூம்ல இருந்து மாடிக்கும் தூக்கித் தூக்கி வச்சாளா? கோவமா, கோவமான்னு மணிக்கொருக்கா வந்து நின்னாளா? இலையைப் போட்டுட்டு அந்தப் பக்கம் போயிட்டா. இந்த லெதரும் அதே ரகம்தான். புது இடத்துக்கு வந்தா உம்முன்னு இருக்கும், மேல்தோலை உரிச்சுப் போடும், மேல படிஞ்ச பாசியும் அழுக்கும் அதோட போகும். சிலது ரெண்டு மூணு நாள்ல தலை தூக்கும், சிலது ரெண்டு வாரம் இழுக்கும். சதை கரைஞ்சு, பழுப்பா வழிஞ்சு, கெட்ட வாடை அடிச்சாத்தான் பயப்படணும். அதுவரைக்கும் உங்களுக்கு ஒரே வேலை. நீவாடு, அதான் நீரோட்டம், அது மேல நல்லாப் படுற மாதிரி அலைமோட்டாரைத் திருப்பி வைங்க. ஒரே பக்கமா மூஞ்சில அடிக்கக் கூடாது, போயிப் போயி வரணும். உரிஞ்ச தோலைத் தண்ணியே கொண்டுபோயிரும். பல் விளக்குற பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்காதீய. தேய்ச்சுட்டீயளா? நெனச்சேன்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கீய. தொட்டி வச்சவன் இல்ல நான், சங்கு குளிச்சவன். இந்தச் சோம்பேறிகளை அது அது வீட்டுலயே போய்ப் பாத்திருக்கேன். பிற்பாடு ஆராய்ச்சிக்காரப் பிள்ளைகளோட முங்கி, பவளக்கிளையை சிமெண்டு சட்டத்துல கட்டி நட்டோம். நட்டா மேல வந்துருவோம். வேர் பிடிச்சிட்டான்னு மறுநாளே ஆட்டிப் பாக்க எங்களுக்கு லீவு கிடைக்கலை. அதுக்கும் முன்னால இதே கடல்ல சுண்ணாம்புக் காளவாய்க்குப் பவளக்கல்லை வள்ளம் வள்ளமா வெட்டி ஏத்தின காலமும் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவு 21-ல ரெண்டு இப்போ தண்ணிக்குள்ள. அதனால, "மாமா, நம்ம பவளப்பார்ல இருந்து ஒரு துண்டு"ன்னு போன மாசம் இழுத்தீயளே, அந்தப் பேச்சை இன்னொரு தடவை எடுக்காதீய. 1986-லயே தேசியப் பூங்கா ஆக்கியாச்சு. கல்பவளம் அத்தனையும், கடல்விசிறியும் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. புலியும் அதுலதான் இருக்கு. கடைக்காரர் குடுத்த பில்லையும் பத்திரமா வைங்க.

வெளிச்சத்துக்கு வருவோம், அங்கதான் நீங்க அள்ளிக் கொடுத்துட்டீய. அந்தச் சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்தை வாங்கிச் சமைக்கிறது அது, உக்காந்து சாப்பிடுறது பவளம். (இந்த ஏற்பாடு உங்களுக்குப் புரியும்.) பையில இருட்டுல அடைஞ்சு வந்ததை நீலமும் வெள்ளையுமா எல்இடி முழுசா போட்டு வரவேத்தா, உள்ள இருக்கிற பாசி தாங்காது. தாங்காத வெளிச்சத்துல அதுக்கிட்ட இருந்து விஷமான ஆக்சிஜன் கிளம்பும், பவளம் பாசியை வெளிய தள்ளிட்டு வெளுத்து நிக்கும். சூடு ஏறினாலும் இதே கதைதான். 2016 கோடையில நம்ம கடல்லயே பார் வெளுத்துப் போச்சு. அதனால புதுசா வர்றதை முதல்லயே அடித்தட்டுல, நிழல் விழுற இடத்துல வைங்க. விளக்கைக் குறைச்சுப் போடுங்க, மூணு நாலு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. சூடு 25, 26 டிகிரியில நிக்கட்டும். சென்னை வெயிலுக்கு சில்லர் இல்லாம அது நிக்காது.

அடுத்த தடவை வாங்கும்போது, வாங்காம இருக்க மாட்டீய, பையை முடிச்சு அவிழ்க்காம இருபது நிமிஷம் தொட்டியில மிதக்க விடுங்க. சூடு ஒண்ணாகும். அப்புறம் அவிழ்த்து, தொட்டித் தண்ணியைக் கப்பு கப்பா ஊத்துங்க. உப்பு ரெண்டுலயும் எவ்வளவுன்னு ரிஃப்ராக்டோமீட்டர்ல பாருங்க, தொட்டியில 1.025, 1.026 இருந்தா சரி. அதுக்காகப் பையைத் திறந்து வச்சு மத்தியானம் பூரா சொட்டுவிட்டுக்கிட்டு இருக்காதீய. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு போயிரும், பிஎச் ஏறும், அதுவரைக்கும் சும்மா கிடந்த அம்மோனியா விஷமாயிரும். அரை மணி, மிஞ்சினா ஒரு மணி. பைத்தண்ணி தீர்த்தம் இல்ல, சிங்க்ல ஊத்துங்க. புழுப் போக டிப் மருந்துல முக்கும்போது போத்தல்ல போட்ட நேரம்தான் நேரம். தட்டைப்புழு விழும், முட்டை விழாது. அதைச் சுரண்டித்தான் எடுக்கணும்.

ஷெல்ஃப்ல வரிசையா நிக்கிற போத்தல் எல்லாம் யாருக்கு? லெதருக்குப் பளிங்குத் தண்ணி வேண்டாம் மாப்ளே, கொஞ்சம் நைட்ரேட் இருந்தாத்தான் அது தேறும். ஒண்ணு மட்டும் வாங்கலாம், கரி. ஆக்டிவேட்டட் கார்பன். லெதர் பேசாது, ஆனா பக்கத்து வீட்டுக்காரனைத் தண்ணியிலயே மருந்து கலந்து அமுக்கும். கரி அதை உறிஞ்சும்.

லெதர் இப்படின்னா, கிரீன் ஸ்டார் பாலிப்பு, செனியாங்கிற பவளம் எல்லாம் வேற மாதிரி. அதுகளைத் தனிக்கல்லுல, நாலு பக்கமும் மணல் விட்டு வைங்க. ஒட்டினபிறகு கல்லு கல்லா தாண்டும். முதல் தீபாவளிக்கு வாயே திறக்காதவரு மூணாவது தீபாவளிக்கு நம்ம தென்னந்தோப்பை அடி வச்சு அளந்தது எனக்கு ஞாபகம் இருக்கு.

அப்புறம் ஸோவான்னு ஒண்ணு. கடையில இதுகளோடயே வச்சு விப்பாங்க, ஆனா வேற வம்சம். சிலதுல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு. அது விளையாட்டில்ல. கையுறையும் கண்ணாடியும் இல்லாம தொடாதீய. அது ஒட்டின கல்லைக் கொதிக்கிற தண்ணியில போட்டுச் சுத்தம் பண்ணவே பண்ணாதீய, ஆவியில வீட்டோட படுத்துருவீய.

சரி, போனை மககிட்ட குடுங்க. சில்லர் என்ன விலைன்னு நீங்க சொன்னதை நான் நம்பலை.