திறக்காத பானெட்

என் சகலை பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ் வாங்கிவிட்டார். அந்த மின்சார வண்டி 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே 1.16 கோடி ரூபாய். அதே டிசம்பரில் நான் என் வண்டிக்கு இரண்டு டயர் மாற்றினேன். மாமனார் வீட்டில் இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துத்தான் சொல்கிறார்கள்.

தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் பூஜை. நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்த குருக்கள், “ஸ்டார்ட் பண்ணுங்கோ” என்றார். “ஸ்டார்ட்லதான் சாமி இருக்கு” என்றார் சகலை. குருக்கள் நம்பவில்லை. இரண்டே கால் டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து, பழங்கள் பிதுங்கிய பிறகுதான் நம்பினார்.

அடுத்து சந்தனம். முன்னால் சிறுநீரக வடிவத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு கிரில். 1933-இல் வந்த 303 மாடலிலிருந்தே அதுதான் அந்தக் கம்பெனி வண்டிகளின் முகம். எஞ்சினுக்குக் காற்றுப் போக வைத்த வழி அது. இதில் எஞ்சினே கிடையாது, வழியையும் அடைத்துவிட்டார்கள். ஆனால் முகத்தை விட மனம் வரவில்லை. இன்னும் பெரிதாக்கி, பின்னால் கேமரா, ரேடார், சென்சார் எல்லாவற்றையும் குடிவைத்துவிட்டார்கள். உட்கார ஆளில்லாத திண்ணையை இடிக்க மனமில்லாமல் கம்பி போட்டு அடைத்து, மீட்டர் பெட்டியும் இன்வெர்ட்டரும் வைக்கிறோமே, அந்தக் கதைதான்.

“சாமி, அங்க பூசாதீங்க, ரேடார் இருக்கு” என்று சகலை பதறினார். குருக்கள் ஒரு கணம் பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நம்பர் பிளேட்டில் பொட்டு வைத்தார்.

அந்தக் கிரில்லின் மேல் ஒரு பாலியுரித்தேன் பூச்சு இருக்கிறது. சிறு கீறல் விழுந்தால் அறை வெப்பத்திலேயே 24 மணி நேரத்தில் தானாக ஆறிவிடும். வெதுவெதுப்பான காற்று பட்டால் ஐந்தே நிமிடம். மார்கழியில் ஈரக் கோலத்தில் வழுக்கி நான் வாங்கிய முழங்கால் சிராய்ப்பு, பொங்கல் தாண்டியும் ஆறவில்லை. என்ன, இந்த வரம் கிரில்லுக்கு மட்டும்தான். நம் ஊரிலோ பக்கவாட்டில் உரசிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கதவுக்கு வழக்கம்போல டிங்கரிங்.

ஒரு சுற்றுப் போகலாம் என்று எல்லோரும் ஏறினோம். ஸ்டீயரிங் வட்டமாக இல்லை, அறுகோணம். சத்தமில்லாத வண்டிக்கு உள்ளே கேட்கவென்று செய்த ஓடும் ஓசைக்கு இசையமைத்தவர்களில் ஹான்ஸ் சிம்மரும் ஒருவர். ‘தி லயன் கிங்’குக்கும் ‘டியூன்’ படத்துக்கும் ஆஸ்கர் வாங்கியவர். என் வண்டிக்கு இசை, சைலன்சரில் விழுந்த ஓட்டை. காலடி விரிப்பு, பழைய மீன்பிடி வலைகளை மறுசுழற்சி செய்த நைலான் என்று சகலை பெருமையாகச் சொல்லி வாய் மூடவில்லை. பின்சீட்டிலிருந்த மாமியார் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். சுத்த சைவம். “தோலை ஆலிவ் இலைச் சாறுலதான் பதப்படுத்துறாங்க அத்தை” என்று சமாதானம் சொன்னார் சகலை. தோல் என்றதும் மாமியார் முதுகையும் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

இறங்கும்போது நான் கதவில் கைப்பிடியைத் தேடித் தடவினேன். கதவைத் திறப்பதற்கு ஒரு பொத்தான் உண்டு என்பது எனக்குத் தெரியாது. கையில் பட்டதோ கிரிஸ்டல் மாதிரி மின்னிய வேறொன்று. அது சீட்டின் பொத்தான். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் போல மெதுவாகச் சாய்ந்து, மாமியார் இருந்த திசையில் பயணப்பட்டேன். “மாப்பிள்ளை, போதும்” என்றார் அவர்.

இதெல்லாம் பரவாயில்லை. என்னை உலுக்கியது வேறு. “எங்கே, பானெட்டைத் திறங்க, பார்ப்போம்” என்றேன். “திறக்க முடியாது சகல. சர்வீஸ் ஆளுங்க மட்டும்தான் திறப்பாங்க” என்றார். கோடி ரூபாய் கொடுத்தவருக்கே அனுமதி இல்லையா?

என் அப்பாவின் அம்பாசிடர் எங்கே நின்றாலும் அப்பா முதலில் செய்வது பானெட்டைத் திறப்பது. உள்ளே எது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் இடுப்பில் கைவைத்துக் குனிந்து, ‘ம்’ என்று ஒரு சத்தம் கொடுப்பார். அதற்குள் டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் பிளக் என்பார், ஒருவர் பாயின்ட் என்பார், ஒருவர் பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்ப்பார். திண்டிவனத்தில் அப்படி நின்றபோது வந்த ஒருவர், பின்னாளில் என் அக்கா கல்யாணத்துக்கே வந்து மொய் எழுதிவிட்டுப் போனார். மூடியே இருக்கும் பானெட்டைச் சுற்றி யார் கூடுவார்கள்?

சகலைக்கு என் முகம் வாடியது தெரிந்திருக்க வேண்டும். “ஒரு வேலை நமக்கு விட்டிருக்காங்க” என்று முன்னால் கூட்டிப்போனார். வட்டமான கம்பெனி முத்திரையை அமுக்கினார், அது எழும்பியது. அடியில் ஒரு துளை. கண்ணாடி துடைக்கும் தண்ணீர் ஊற்றுவதற்காம். ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங்கில் செய்து கப்பலேற்றி அனுப்பிய வண்டியில், சொந்தக்காரர் கை வைக்கக்கூடிய ஒரே இடம். “நீங்க ஊத்துங்க சகல” என்று ஜாடியை என்னிடம் நீட்டினார். பெரிய மனசு. கை நடுங்காமல் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் என் வண்டியின் பானெட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை.